முள்ளுப்பொட்டி

மறுபடியும் பச்சை விளக்குதான் எரிந்தது. சர்க்யூட் போர்டை வெளியே எடுத்துத் துணியால் துடைத்து, திரும்பவும் பெட்டிக்குள் வைத்து, மூடியை அழுத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். பச்சை. சாமை மிஷின் ஓடவில்லை, போர்டு செத்துவிட்டது என்று மலையிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பிய போர்டு அது. உமியின் வாசனைகூட அதிலிருந்து போகவில்லை. என் மேஜைக்கு வந்ததும் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. இதற்கு முன்னால் வந்த மூன்றும் இப்படித்தான்.

“உன் பொட்டி எல்லாரையும் பாஸ் பண்ணிடுதே, காஷிஃபா. நான் எட்டாவது படிக்கறப்போ இந்த மாதிரி ஒரு வாத்தியார் கெடைச்சிருந்தா இன்னிக்கு நான் டாக்டரு” என்றான் உமர் ஃபாரூக். அவன் எங்கள் பட்டறையில் தயாராகும் போர்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருகிறவன். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டி நான் கட்டியது.

ஆலங்காயம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் பட்டறை. நடத்துகிறவர் அமீனுல்லா. வாணியம்பாடியில் என் அப்பாவோடு தோல் ஷெட்டில் வேலை செய்தவர் என்பதால் எனக்குச் சாச்சா, சித்தப்பா முறை. பகலில் இங்கே வேலை, மாலையில் வாணியம்பாடியில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு. வகுப்பில் சோதனைப் பெட்டி பற்றிச் சொன்ன வாரத்திலேயே எனக்கு ஆசை வந்துவிட்டது. அதுவரை ஒவ்வொரு போர்டையும் மீட்டரை வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்ரிலிக் தகட்டில் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஸ்பிரிங் வைத்த ஊசியை நிறுத்தினேன். போர்டை அதன்மேல் வைத்து மூடியை அழுத்தினால், அடிப்பக்கத்தில் ஈயம் வைத்த புள்ளிகளை எல்லா ஊசிகளும் ஒரே நேரத்தில் தொடும். சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. முதல் தகட்டில் துளைகள் ஒரு நூல் தள்ளிப்போய்விட்டன. இரண்டாவதில் ஒரே ஒரு துளை மட்டும் தள்ளிப்போனது. மூன்றாவதுதான் இது. பட்டறையில் எல்லோரும் முள்ளுப்பொட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருமுறை சரியாகச் செய்த பிறகும் அது சரிதானா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிற சுபாவம் எனக்கு. பகல் கல்லூரிக்குப் போய் முழுதாகப் படித்தவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்கிறது, அது எங்கேயோ ஓரிடத்தில் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

அன்று மதியம் மலையிலிருந்து செந்தாமரை அக்காவின் போன் வந்தது. சாமை உமி நீக்கும் மிஷினை நடத்துகிற பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. சாச்சா ஸ்பீக்கரில் போட்டார்.

“இன்னா பாய் இது, புதுசு குடுக்கறீங்க, கொஞ்ச நாள் ஓடுது, அப்புறம் படுத்துக்குது. மொதல்லயாவது ஒரு மாசம் தாங்கிச்சு. இப்போ குடுத்தது ஒரு வாரம்கூட நிக்கல. சாமை அறுத்து வூடு நெறைய மூட்டையா கீது. வெள்ளிக்கிழம சங்கத்துல பேசப் போறோம். அதுக்குள்ள ஓடலன்னா மிஷினத் திருப்பி எடுத்துக்கச் சொல்லிடுவோம். பழையபடி ஜீப்புல ஏத்தி போளூர் மில்லுக்கு அனுப்பிக்கறோம்.”

போன் வைத்ததும் சாச்சா என்னைப் பார்த்தார். பக்கத்து மலைக் கிராமங்களுக்கும் இதே மிஷின் போக இருக்கிறது, இதே போர்டோடு. இந்த ஊர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மற்ற ஊர்களும் சொல்லும். அவர் அதைச் சொல்லவில்லை. “பொட்டி கட்டுனவ நீதானேம்மா. நீயே ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு வந்துடு” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் போனேன். மடியில் புதிய போர்டு. கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் காரணங்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். மிஷினின் அதிர்வில் ஈயம் விட்டிருக்கலாம். உமித்தூசி புகுந்திருக்கலாம். மின்சாரம் ஏறி இறங்கியிருக்கலாம். ஆனால் இவற்றில் எது நடந்திருந்தாலும் பெட்டியில் சிவப்பு எரிந்திருக்க வேண்டும். அந்த இடம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

மிஷின் இருந்த தகரக் கொட்டகை ஊருக்கு வெளியே, கேழ்வரகுக் கொல்லை ஓரத்தில் இருந்தது. உள்ளே மூட்டைகள் சுவர்போல அடுக்கியிருந்தன. செந்தாமரை அக்காவுக்கு நாற்பது வயது இருக்கலாம். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு, முடியிலும் புருவத்திலும் தவிடு படிந்து நின்றார்.

“நீதான் போர்டு செய்யற பொண்ணா? சின்னப் பொண்ணா கீறியே. சாப்ட்டியா?”

“சாப்ட்டேங்க்கா.”

“பொய் சொல்ற. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

சாமைக் களி கொடுத்தார். தின்றுவிட்டுப் புதிய போர்டை மாட்டினேன். மிஷின் ஓடியது. பக்கத்திலேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டின்மேல் விரலை வைத்து அதிர்வைப் பார்த்தேன். மீட்டரை வைத்தேன். ஊதிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. மதியம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. கெட்டுப்போனால் காரணம் தெரியும். கெட்டுப்போகாமல் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டு, நான் போன பிறகு படுத்துக்கொள்ளப் போகிறது.

ஐப்பசி மழை. மதியத்துக்குமேல் வெளிச்சம் மங்கி, எங்கோ தூரத்தில் ஓர் இடி உருண்டது. செந்தாமரை அக்கா சுவிட்சை அணைத்தார், சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார், மிஷினின் பக்கத்து மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டார். போர்டில் குத்தியிருந்த வெள்ளைக் கனெக்டர்களை ஒயரோடு கொத்தாகப் பிடித்து, கீரையைப் பிடுங்குவதுபோல ஒரே இழுப்பாக இழுத்தார். போர்டை எடுத்துத் துண்டில் சுற்றினார்.

“அக்கா! இன்னா பண்றீங்க?”

“இடி இடிக்குது இல்ல?”

“அதான் பிளக்கப் புடுங்கிட்டீங்களே. இத எதுக்குக் கழட்றீங்க?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “உங்க ஆளு தான சொன்னாரு. இதான் மிஷினுக்கு மூளை, இது போச்சின்னா மிஷினே போச்சி, பத்தரமா பாத்துக்கங்கன்னு. அன்னிலேருந்து இடி இடிச்சாலும் சரி, சாயங்காலம் கதவ சாத்தனாலும் சரி, மூளையக் கழட்டி வூட்டுக்கு எடுத்துனு போயிடுவேன். அரிசிப் பானைல வெச்சி மூடிடுவேன். மிஷினு கெடந்தா கெடக்குது. மூளைய வுட்டுட்டுப் போவ முடியுமா?”

அந்தக் கனெக்டர் அப்படிச் செய்வதற்கானது இல்லை. பட்டறையில் ஒருமுறை குத்தினால் மிஷினின் ஆயுள் முழுக்க அப்படியே இருக்க வேண்டியது. மிஞ்சினால் ஒரு சில தடவை கழற்றலாம். உள்ளே இருக்கிற சிறு தகரப் பிடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விரிந்துகொண்டே போகும், பிறகு தொட்டும் தொடாமலும் நிற்கும். இவர்கள் தினமும், மழை நாளில் இரண்டு மூன்று தடவை, ஒயரைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். போர்டை மாற்றினாலும் மிஷினில் இருக்கிற ஒயர்ப்பக்கத்துப் பிடியை யாரும் மாற்றவேயில்லை. அதனால்தான் அடுத்தடுத்து வந்த போர்டுகள் முந்தையதைவிடச் சீக்கிரமாகப் படுத்தன. என் பெட்டியோ போர்டின் அடியிலிருந்து ஈயப் புள்ளிகளைத் தொடுகிறது. கனெக்டரின் வாய்க்குள் அது போவதே இல்லை. வாசல் கதவு பெயர்ந்து கிடக்கிற வீட்டுக்குள் கூரை வழியாக இறங்கி, உள்ளே எல்லாம் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. “அக்கா, இனிமே இத மட்டும் கழட்டாதீங்க. செவுத்துப் பிளக்கப் புடுங்கினாப் போதும்” என்றேன்.

அங்கே முறத்தோடு உட்கார்ந்திருந்த ராஜேஸ்வரி அக்கா முதல்முறையாக வாயைத் திறந்தார். “எங்க வூட்ல பிளக்கப் புடுங்கிட்டுத் தான் படுத்தோம். கேபிள் ஒயரு வழியா வந்து டிவி வெடிச்சிச்சு. செவுரு கருப்பாயிடுச்சி. இன்னும் கீது, வா காட்றேன்.”

“இங்க கேபிள் கெடையாதுக்கா.”

“இடிக்கு அது தெரியுமா?” என்றார் செந்தாமரை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சிரிக்காமல் சேர்த்துச் சொன்னார்: “ராத்திரி இங்க யாரும் படுக்கறது இல்ல. பூட்டு ஒரு உதை தாங்காது. நீ சொல்றேன்னு நான் வுட்டுட்டுப் போனா, எனக்குத் தூக்கம் வராது பொண்ணே.”

பஸ்ஸில் இறங்கி வரும்போது ‘தூக்கம் வராது’ என்ற அந்தச் சொல்தான் கூட வந்தது.

சாச்சா முழுவதையும் கேட்டுவிட்டு மூச்சு விட்டார். “அல்ஹம்துலில்லா. நம்ம போர்டு மேல தப்பு இல்ல. ஒரு ஸ்டிக்கர் அடிச்சி ஒட்டிடலாம். ‘கழட்டாதே.’ செவப்பு எழுத்துல.”

உமர் தலையைச் சொறிந்தான். “மூளைன்னு நான் சும்மா ஒரு டயலாக் வுட்டேன், சாச்சா. கைதட்டுனாங்க. சத்தியமா அரிசிப் பானைல வெப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஸ்டிக்கர் ஒட்டினால் குற்றம் அவர்களுடையதாகிவிடும். என் பெட்டி அப்படியே இருக்கும், பச்சை எரியும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். “அவங்க கழட்டுவாங்க, சாச்சா” என்றேன். “ஸ்டிக்கர் ஒட்டினா ஸ்டிக்கர் கிழியாம கழட்டுவாங்க. தெனமும் கழட்டற மாதிரி கனெக்டர் போடணும். பொட்டியையும் மாத்தணும். அதுதான் தப்பக் காட்டிக்குடுக்கல.”

“வெள்ளிக்கிழமைக்குள்ளயா?”

“பாக்கறேன்.” முடியும் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

அன்று வகுப்புக்குப் போகிற வழியில் வாணியம்பாடி கடைகளில் ஏறி இறங்கினேன். கடைசியில் மூன்று வகை கையில் இருந்தன. ஒன்று, பழையதே ஆனால் பெரிது. இரண்டாவது, திருகு வளையம் வைத்த வட்டமான உலோகக் கனெக்டர். விவரத்தாளைப் பார்த்தால் அதுதான் உயர்ந்தது, நான் மனதுக்குள் அதையே தேர்ந்தெடுத்துவிட்டேன். மூன்றாவதை வாங்க நினைக்கவேயில்லை. ஒரு மைக் செட் கடை வாசலில், கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சேறு, சாமந்தி இதழ், பிரியாணி எண்ணெய் எல்லாம் ஒட்டிய மைக் பிளக்குகள். ஒரு ஆள் கட்டைவிரலால் பூட்டு நாக்கை அழுத்திப் பிளக்கைக் கழற்றுவதும், வேறொன்றில் குத்தி ‘டக்’ என்று பூட்டுவதுமாக, பேச்சுக் கொடுத்தபடியே பார்க்காமல் செய்துகொண்டிருந்தார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். வகுப்புக்குத் தாமதம்.

மறுநாள் பட்டறையில் மூன்றையும் விளக்கோடு இணைத்து, மலையிலிருந்து காகிதத்தில் மடித்து எடுத்துவந்திருந்த உமித்தூளில் புரட்டினேன். உமர்தான் செந்தாமரை அக்கா. நான்தான் இடி. அவன் டீ குடிக்கும்போது, போன் பேசும்போது, எதிர்பாராத நேரத்தில் ஒரு தகரத் தட்டில் அடிப்பேன். அவன் ஓடிவந்து கழற்ற வேண்டும். பிறகு மாட்ட வேண்டும்.

“யா அல்லா, எனக்கு உண்மையாவே நெஞ்சு அடிக்குது. இதுக்குத் தனியா சம்பளம் கேப்பேன்.”

“ஒயரப் புடிச்சி இழு. அவங்க அப்படித்தான் இழுப்பாங்க.”

“நான் நல்லா வளந்த பையன், எனக்கு அப்படி இழுக்க வரல.”

சாயங்காலத்துக்குள் பெரிய வெள்ளைக் கனெக்டர் தளர்ந்துவிட்டது. திருகு வளையம் நான் எதிர்பாராத இடத்தில் ஏமாற்றியது. அதற்குத் தேய்மானமே இல்லை. ஆனால் உமர் அவசரத்தில் பாதி திருகியதும் கையை எடுத்துவிடுகிறான். தூசி மரையில் புகுந்து, முழுதாகத் திருகிவிட்டதுபோல நின்றுகொள்கிறது. ஒயரை ஆட்டினால் விளக்கு கண் சிமிட்டுகிறது. மைக் பிளக்கில் பாதி என்ற நிலையே கிடையாது. பூட்டினால் ‘டக்’. பூட்டாவிட்டால் கையோடு வந்துவிடும். ஒயரைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் நாக்கை அழுத்தாமல் கழலாது.

போர்டை அதற்கென்று ஒரு சிறு தகரப் பெட்டிக்குள் வைத்தேன். மின்சாரத்துக்கு மூன்று முள் பிளக், சென்சார்களுக்கு ஐந்து முள் பிளக். மாற்றிக் குத்த முடியாது. கழற்றியதும் கையில் எடுத்துப்போக மேலே ஒரு பிடி. பிடி தேவைதானா என்று யோசித்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். சோதனைப் பெட்டியில் முட்களோடு இரண்டு பிளக்குகளும் சேர்ந்தன. இனி போர்டை வாசல் வழியாகவும் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கும்போதே ஒயரை ஆட்ட, பழைய தையல் மிஷினின் சிறு மோட்டார் ஒன்று. ஆனால் போர்டுக்குப் போர்டு குத்திக் கழற்றினால் சோதனைப் பெட்டியின் பிளக்கே முதலில் தேயும் என்பது பாதி ராத்திரியில் விழிப்பு வந்து உறைத்தது. அதனால் அந்த இரண்டு பிளக்குகளையும் தேய்ந்ததும் மாற்றிவிடக்கூடிய குட்டை ஒயர்களில் வைத்தேன்.

முதலில், மலையிலிருந்து திரும்பி வந்த அந்தப் பழைய போர்டை இழுபட்டு அதுவும் தளர்ந்திருந்த அதன் வெள்ளைக் கனெக்டர் வழியாக இணைத்துப் பார்த்தேன். மோட்டார் ஒயரை ஆட்டத் தொடங்கியதும் சிவப்பு எரிந்தது.

“சாச்சா! வந்து பாருங்க, ஃபெயில் ஆயிடுச்சி!” என்று உமர் கத்தினான். பட்டறையில் ஒரு போர்டு தோற்றதற்கு எல்லோரும் கூடிநின்று சந்தோஷப்பட்டது அன்றுதான். சாச்சா அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, “ஸ்டிக்கர் வேணாம்” என்றார்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது கொட்டகை வாசலில், போளூருக்கு மூட்டை ஏற்றிப்போகிற சந்திரனின் ஜீப் நின்றிருந்தது. சங்கம் பேசி முடித்துவிட்டது என்று நினைத்தேன். சங்கம் இன்னும் பேசவில்லை. பேசினால் உடனே ஏற்றிவிடலாம் என்று ராஜேஸ்வரி அக்கா முன்கூட்டியே ஜீப்பை வரச் சொல்லியிருந்தார். சில மூட்டைகள் ஏற்கெனவே வாசலுக்கு இழுத்து வைக்கப்பட்டிருந்தன.

மிஷினின் பழைய ஒயர்களை வெட்டிவிட்டுப் புதியவற்றை இணைத்தேன். செந்தாமரை அக்கா பெட்டியைப் பிடியில் தூக்கி எடை பார்த்தார். பிளக்கைக் குத்தினார். டக். கழற்றினார். மறுபடி குத்தினார். டக்.

“இது மைக்செட்டுது ஆச்சே.”

“ஆமாங்க்கா.”

“அப்ப இதுல மைக்கு மாட்டி ராஜேஸ்வரியப் பாட வெக்கலாமா?”

“பாடினா மலைல பன்னி ஒண்ணுகூட வராது, கொல்லைக்கு வேலியே தேவையில்ல” என்றான் ஜீப்பிலிருந்து சந்திரன்.

“உன் வண்டியத் தள்ள மட்டும் நான் வேணும் இல்ல?” என்றார் ராஜேஸ்வரி அக்கா. ஆனால் அவரும் பெட்டியை வாங்கி, ஒருமுறை குத்திப் பார்த்தார். ஒயரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். வரவில்லை. “உம்” என்றார்.

மிஷின் ஓடியது. முதல் மூட்டை பாதி இறங்கியிருக்கும், மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, தலைக்கு நேர் மேலே இடித்தது. செந்தாமரை அக்கா அணைத்தார், பிடுங்கினார், இரண்டு கட்டைவிரல்களால் இரண்டு நாக்குகளையும் அழுத்திக் கழற்றினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினார். மழை சடசடவென்று விழுந்தது.

“மூட்டைய ஏத்தறதா இல்லையா? எனக்கு இருட்டறதுக்குள்ள எறங்கணும்” என்று சந்திரன் கத்தினான்.

நான் ராஜேஸ்வரி அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நனைந்துகொண்டிருந்த மூட்டையின் காதைப் பிடித்தார். அது எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, “பாத்துனே நிக்கிறியே, ஒரு கை புடி” என்றார். பிடித்தேன். கொட்டகைக்குள் இழுத்துப் போட்டோம். அடுத்ததையும் இழுத்தோம். “மழை வுடட்டும், சந்திரா. எறங்கி வந்து குந்து” என்று அவர் வெளியே பார்த்துச் சொன்னார்.

சந்திரன் ஜீப்பின் படுதாவை இழுத்துவிட்டுவிட்டு ஓடிவந்தான். எல்லோரும் வாசலில் நெருங்கி நின்றோம். கேழ்வரகுக் கொல்லையின் வரப்பில் செந்தாமரை அக்கா வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். ஆண்கள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கொண்டை அவிழ்ந்து தண்ணீர் சொட்டியது. ஒரு கையில் பெட்டி. மறுகையில் முறம், தலைக்கு மேல் பிடிக்காமல், பெட்டிக்கு மேல் பிடித்திருந்தார்.